இன்ட்ரோவர்ட் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் பேசவே மாட்டேங்குற?" பதில் தெரியாமல் நின்றிருக்கிறேன். கல்லூரி வயதில் இன்ட்ரோவர்ட் என்ற சொல் கிடைத்தபோது, நமக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று பெரிய நிம்மதியாக இருந்தது. அப்புறம் சில ஆண்டுகளில் அந்தச் சொல்லே எல்லாவற்றுக்கும் காரணமாகிப் போனதைப் பார்த்தேன். ஒரு அழைப்பை மறுத்தாலும் அதுதான் காரணம், ஒரு வாய்ப்பை விட்டாலும் அதுதான் காரணம். சரி, இந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தேடியதில் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இன்ட்ரோவர்ட் என்றால் சுருக்கமாக என்ன?

இதற்கு ஒரே பதில் கிடையாது, குழப்பம் தொடங்குவதே இங்கேதான். உளவியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்த கார்ல் குஸ்டாவ் யுங்கைப் பொறுத்தவரை, தன் கவனத்தையும் மன ஆற்றலையும் வெளியே இருக்கும் ஆட்கள், பொருட்கள், நிகழ்வுகள் மீது செலுத்துவதைவிடத் தன் உள்ளே நடப்பதன் பக்கம் அதிகம் திருப்புகிறவர் இன்ட்ரோவர்ட். இன்றைய உளவியல் ஆய்வுகளில் பொருள் வேறு: புறமுகத்தன்மை, அதாவது வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் இயல்பு, என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, அதில் குறைவான மதிப்பெண் வருகிறவர். மூன்றாவது, நாம் தினமும் பேசும்போது புழங்குகிற பொருள்: அதிகம் பேசாதவர், கூட்டம் பிடிக்காதவர், தனியாக இருந்தால்தான் களைப்பு தீருகிறவர். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உரசிக்கொண்டு போகும், ஆனால் ஒன்றல்ல. யாராவது இந்தச் சொல்லை வைத்து வாதம் செய்தால், மூன்றில் எதைச் சொல்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பிரித்தால் என்ன பொருள் வரும்?

இரண்டு லத்தீன் துண்டுகள். 'இன்ட்ரோ' என்றால் உள்ளே, உள்நோக்கி. 'வெர்ட்டெரே' என்றால் திருப்புதல். சேர்த்தால் உள்நோக்கித் திருப்புதல்.

இரண்டுமே நமக்குப் பழகிய துண்டுகள்தான். வண்டியை எடுக்கும் ரிவர்ஸ், மின்சாரம் போனால் வேலை செய்யும் இன்வெர்ட்டர், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போகும் டைவர்ஸ், எல்லாமே அந்த 'வெர்ட்டெரே' குடும்பம். சமஸ்கிருதத்தில் இதே மூலத்திலிருந்து கிளைத்த 'வ்ருத்' என்ற வேர் இருக்கிறது, அதற்கும் திரும்புதல், சுழலுதல் என்றே பொருள், அதன் வழியாகத்தான் பரிவர்த்தனை என்ற சொல் நம்மிடம் வந்தது. பாவகையான விருத்தமும் அங்கிருந்து வந்ததுதான், ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் வெர்ஸ் என்ற சொல்லும் லத்தீன் கிளையில் அதே குடும்பம். இதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் மனசு அதிலேயே நின்றது.

நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு வினை. திருப்புதல் என்பது ஒரு செயல், ஒரு திசை. 'இப்படிப்பட்ட ஆள்' என்ற பொருள் இரண்டு துண்டிலும் இல்லை.

அப்படியானால் யுங் உருவாக்கிய சொல் இல்லையா?

இல்லை. அவர் பிறந்தது 1875இல். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இது வினைச்சொல்லாக இருந்தது. ஆன்மிகம் சார்ந்த எழுத்துகளில், மனதை உலக விஷயங்களிலிருந்து விலக்கி உள்நோக்கித் திருப்பித் தியானிப்பதைச் சொல்ல இதைப் பயன்படுத்தினார்கள். அங்கே அது யாரும் பழகிக்கொள்ளக்கூடிய பயிற்சி. வாயாடியும் செய்யலாம், வாய் திறக்காதவரும் செய்யலாம். 'அவர் ஒரு இன்ட்ரோவர்ட்' என்று ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக மாற இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது.

இடையில் இந்தச் சொல் விலங்கியலுக்குள்ளும் போய்விட்டு வந்திருக்கிறது.

விலங்கியலிலா? அங்கே என்ன வேலை?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உடலுக்குள் இழுத்து மடக்கிக்கொள்ளக்கூடிய உறுப்புக்கு இன்ட்ரோவர்ட் என்று பெயர் வைத்தார்கள், இன்றைக்கும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. கடலடி மணலிலும் சேற்றிலும் வாழும் ஒருவகைப் புழு இருக்கிறது. சுருங்கிக்கொண்டால் வேர்க்கடலைப் பருப்பு மாதிரித் தெரியும் என்பதால் ஆங்கிலத்தில் கடலைப் புழு என்றே அழைக்கிறார்கள். அதன் உடலின் முன்பகுதி நீண்டு மெலிந்த குழாய் போல இருக்கும், நுனியில் வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். ஆபத்து என்றால் உள்ளிருக்கும் தசைகள் அந்த முன்பகுதி முழுவதையும், சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துக்கொள்வது போல, உடம்புக்குள் இழுத்துவிடும். அந்த முன்பகுதிக்குத்தான் இன்ட்ரோவர்ட் என்று பெயர்.

ஆனால் அது உள்ளேயே கிடப்பதில்லை. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால் மறுபடி வெளியே பிதுங்கி வரும், உணவு தேடும், திரும்ப உள்ளே போகும். வெளியே வந்து இரை எடுக்கிற உறுப்புக்கே அந்தப் பெயர். இந்தச் சொல்லைப் பற்றி நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இன்ட்ரோவர்ட் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பவர் என்று நினைக்கிறவர்களிடம் இந்தப் புழுவைப் பற்றி மறக்காமல் சொல்லுவேன்.

உளவியலுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யுங் சூரிச் நகரில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர். 1907இல், உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டைச் சந்தித்தார், இருவரும் நெருங்கினார்கள். 1909இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகம் அழைக்க, இருவருமே அங்கே போய் உரையாற்றினார்கள். அங்கே யுங் ஒரு சிறுமியின் மனநிலையை விளக்கும்போது, வெளியே ஒரு ஆளின் மீது இருந்த அன்பின் ஒரு பகுதி உள்ளே திரும்பிக் கற்பனைகளுக்குள் போய்விடுவதை இன்ட்ரோவர்ஷன் என்று குறிப்பிட்டார். கவனியுங்கள், அது அந்தக் குழந்தைக்குள் அந்தக் காலத்தில் நடந்த ஒன்று, அவளுடைய நிரந்தர குணம் என்று அவர் சொல்லவில்லை.

1913இல் மியூனிக் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் அவர் அடுத்த படிக்குப் போனார். அங்கே இரண்டு எதிர்த்திசைகளை வைத்துப் பேசினார், தொடக்கம் நோயிலிருந்துதான்: ஹிஸ்டீரியா நோயாளிகளிடம் மன ஆற்றல் வெளிநோக்கிப் பாய்வதையும், பிற்பாடு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் பெற்ற நோயில் அது உள்நோக்கித் திரும்புவதையும் ஒப்பிட்டார். பிறகு நோயில்லாத மனிதர்களிடமும் இதே இரண்டு திசைகள் தெரிகின்றன என்றார். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஏற்கெனவே சிந்தனையாளர்களை மென்மனத்தார், வன்மனத்தார் என்று பிரித்திருந்ததையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஃப்ராய்டின் கோட்பாடே வெளிநோக்கியது, ஃப்ராய்டின் வட்டத்திலிருந்து பிரிந்துபோன ஆல்ஃப்ரெட் ஆட்லரின் கோட்பாடு உள்நோக்கியது என்று அந்த உரையில் வகைப்படுத்தியும் காட்டினார். ஃப்ராய்டும் யுங்கும் நேரில் சந்தித்துக்கொண்ட கடைசி இடம் அந்த மாநாடுதான். ஃப்ராய்ட், ஆட்லர் என்ற இவ்வளவு அறிவுள்ள இரண்டு பேர் ஒரே மனித மனத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு வேறாகப் பேசுகிறார்கள் என்ற கேள்வியும் இந்த வகைப்பாட்டுக்குள் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

பிறகு 1921இல் ஜெர்மன் மொழியில் உளவியல் வகைகள் பற்றிய பெரிய நூல் வந்தது, 1923இல் ஆங்கிலத்துக்குப் போனது. உள்நோக்கு, வெளிநோக்கு என்ற இரண்டு மனப்பாங்குகள், அவற்றோடு சிந்தித்தல், உணர்தல், புலனறிதல், உள்ளுணர்தல் என்ற நான்கு செயற்பாடுகள், பெருக்கினால் எட்டு வகை. இந்த எட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள், இரண்டு மட்டும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

முழுக்க முழுக்க இன்ட்ரோவர்ட்டாக ஒருவர் இருக்க முடியுமா?

முடியாது என்பதுதான் யுங்கின் நிலைப்பாடு. தூய இன்ட்ரோவர்ட் என்றோ, அதற்கு எதிர்ப்பக்கமாக வெளிநோக்கியிருக்கும் தூய எக்ஸ்ட்ரோவர்ட் என்றோ யாரும் இல்லை, அப்படி ஒருவர் இருந்தால் அவர் மனநல விடுதியில்தான் இருப்பார் என்று 1957இல் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். இரண்டு திசையும் எல்லோரிடமும் உண்டு, எது பழக்கமாக முன்னே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இது ஒரு குறைபாடா, நோயா?

இரண்டுமே இல்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் உள்நோக்குத்தன்மை ஒரு நோயாக இடம்பெறவில்லை. அப்படியானால் அந்தச் சந்தேகம் ஏன் வருகிறது? சொல்லின் வரலாற்றிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்னபடி யுங் தொடங்கியதே நோயாளிகளிடமிருந்து. ஃப்ராய்ட் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது, நிஜ உலகில் கிடைக்கும் நிறைவை விட்டுக் கற்பனைக்குள் திரும்புவது என்ற பொருளில் வைத்துக்கொண்டு, அப்படிப்பட்டவர் இன்னும் நியூரோசிஸ் என்ற மனக்கோளாறுக்கு ஆளாகவில்லை, ஆனால் நிலையற்ற இடத்தில் நிற்கிறார் என்ற பொருளில் எழுதினார். 1921இல் யுங் இரண்டையும் இயல்பான மனப்பாங்குகளாகச் சமமாக வைத்தார், ஆனாலும் அந்தப் பழைய வாடை முழுக்கப் போகவில்லை. 'அவன் கொஞ்சம் இன்ட்ரோவர்ட்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அந்த வாடைதான் வருகிறது, அதை நாம் இன்னமும் சுமக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ட்ராவர்ட்டா, எக்ஸ்ட்ரோவர்ட்டா?

யுங் எழுதியது எக்ஸ்ட்ரா, லத்தீனில் 'வெளியே' என்பதற்கு அதுதான் சரியான வடிவம். பக்கத்திலேயே இன்ட்ரோ நிற்பதால் ஓசை இழுத்து எக்ஸ்ட்ரோ ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் இன்றும் பெரும்பாலும் 'ரா' பக்கம், மக்கள் 'ரோ' பக்கம். இரண்டும் தப்பில்லை.

கூச்ச சுபாவமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தப்பாகப் பதில் சொல்லப்படுவதும் இதுவே.

கூச்சம் என்பது பயம். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பதற்றம். கூச்சப்படுகிறவர் போய்ப் பேச ஆசைப்படுவார், முடியாது. இன்ட்ரோவர்ட்டுக்குப் போய்ப் பேச முடியும், அந்த நேரத்தில் அவ்வளவு ஆசை இல்லை. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கை நடுங்காமல் பேசிவிட்டு, இறங்கியதும் ஓரமான அறையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. எல்லோரோடும் கலகலவென்று இருக்க ஏங்கிக்கொண்டே, புது ஆளைக் கண்டால் தொண்டை அடைத்துப் போகும் எக்ஸ்ட்ரோவர்ட்டும் உண்டு.

இரண்டும் கலந்துபோனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் இன்ட்ரோவர்ட் யார் என்று கண்டுபிடிக்கக் கேள்வித்தாள்கள் பெருகின. அந்தக் கேள்விகளில் தனிமை விருப்பம், கவலை, எளிதில் புண்படுதல், தயக்கம் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. 1930களில் உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்ட் புள்ளியியல் முறைகளால் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது ஒரே பண்பு கிடையாது, பல பண்புகள் என்று காட்டினார். 1947இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசன்க் இதைத் தெளிவாக இரண்டு தனி அச்சுகளாக வைத்தார்: புறமுகத்தன்மை ஒரு அச்சு, கவலைப்படும் இயல்பு இன்னொரு அச்சு. கூச்சம் என்பது பெரும்பாலும் முதலாவதில் கொஞ்சம் கீழேயும் இரண்டாவதில் கொஞ்சம் மேலேயும் இருப்பது. அதனால்தான் இரண்டும் சில பேரிடம் சேர்ந்தே காணப்படுகின்றன, என்னிடமும் சேர்ந்தேதான் இருந்தன. எனக்குக் கூச்சம் பெரும்பாலும் போய்விட்டது, தனிமை விருப்பம் அப்படியே இருக்கிறது, இரண்டும் வேறு என்று நான் நம்புவதற்கு என் வாழ்க்கையே போதும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பயத்துக்கு உதவி கிடைக்கும். கடுமையான சமூகப் பதற்றத்துக்கு நல்ல பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அதை 'நான் இன்ட்ரோவர்ட், அவ்வளவுதான்' என்று மூடி வைத்துக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூளையிலோ உடம்பிலோ ஏதாவது வேறுபாடு உண்டா?

1967இல் ஐசன்க் ஒரு விளக்கம் கொடுத்தார். இன்ட்ரோவர்ட்களின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்போடு இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தம், வெளிச்சம், பேச்சு எல்லாம் சீக்கிரமே அளவு மீறிவிடுகிறது. எக்ஸ்ட்ரோவர்ட்களுக்கு அந்த விழிப்பு குறைவு, அதனால் வெளியே தேடிப் போகிறார்கள் என்றார். இதைச் சோதிக்க எலுமிச்சைச் சாறு வைத்து ஒரு எளிய முறை இருக்கிறது. நாக்கில் சில துளி சாறு விட்டு, ஊறும் எச்சிலைப் பஞ்சில் எடுத்து எடை பார்ப்பார்கள். இன்ட்ரோவர்ட்களுக்கு அதிகம் ஊறியது என்று 1960களிலேயே முடிவுகள் வந்தன.

பிந்தைய ஆய்வுகள் படத்தைக் கொஞ்சம் மாற்றின. சும்மா இருக்கும்போது இரு தரப்பின் விழிப்பு நிலையிலும் பெரிய வித்தியாசம் உறுதியாகவில்லை, தூண்டுதல் வரும்போது எவ்வளவு வேகமாகப் பதில் காட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. இன்னொரு பக்கம், பரிசு, பாராட்டு, புது வாய்ப்பு போன்றவற்றின் ஈர்ப்பு புறமுகத்தன்மை அதிகமுள்ளவர்களிடம் கூடுதல் என்றும், மூளையில் செய்தி கடத்தும் டோப்பமின் என்ற வேதிப்பொருளின் அமைப்புக்கு அதில் பங்கு இருக்கிறது என்றும் பலர் ஆய்கிறார்கள். 'சார்ஜ் இறங்கிவிட்டது' என்று நாம் சொல்வது அனுபவத்தை நன்றாகச் சொல்லும் உவமை, நானும் சொல்வேன். ஆனால் உடம்புக்குள் அப்படி ஒரு பேட்டரி அளந்து பார்க்கப்பட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்ட்ரோவர்ட்கள் ஆழமாகச் சிந்திப்பவர்கள், படைப்பாளிகள் என்கிறார்களே?

கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளக்கும், இன்று பரவலாக ஏற்கப்படும் ஐந்து பண்பு மாதிரியில் கற்பனை வளம், கருத்துகளில் ஆர்வம், கலை ஈடுபாடு எல்லாம் 'திறந்த மனம்' என்ற தனிப் பண்பின் கீழ் வருகின்றன. புறமுகத்தன்மையின் கீழ் வருபவை வேறு: ஆட்களோடு கலப்பது, முன்வந்து பேசுவது, சுறுசுறுப்பு, உற்சாக உணர்வு. அதாவது அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே பெரிதாக ஒன்றுமே யோசிக்காமல் இருக்கலாம், ஓயாமல் பேசும் ஒருவர் இரவு முழுக்க ஆழ்ந்து எழுதுகிறவராக இருக்கலாம்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. யுங்குக்கு உள்ளே திரும்புதல் என்பது உள்ளே ஏதோ இருக்கிறது என்பதற்கான பெயர். இன்றைய அளவுகோலில் இன்ட்ரோவர்ட் என்பதற்குச் சொந்தமாக ஒரு வரையறையே இல்லை, மற்றது குறைவாக இருப்பதுதான் அதன் வரையறை. அளப்பதற்கு அது வசதி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நிழலை வெளிச்சக் குறைவு என்று மட்டும் சொல்லி முடிப்பது போல இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு என்ன பெயர்?

ஆம்பிவர்ட். 'ஆம்பி' என்றால் இரு பக்கமும். 1920களிலேயே வந்துவிட்ட சொல். சோதனைகளில் மதிப்பெண்களை வரைந்தால் மணி வடிவ வளைவுதான் வரும், பெரும்பாலானவர்கள் நடுவில்தான், ஆக இது அபூர்வமான வகை கிடையாது. 2013இல் உளவியலாளர் ஆடம் கிராண்ட் தொலைபேசி வழி விற்பனை செய்யும் 340 பேரை ஆராய்ந்தபோது, அதிகம் விற்றவர்கள் பெரிய எக்ஸ்ட்ரோவர்ட்கள் இல்லை, நடுவில் இருந்தவர்கள்தான் என்று தெரிந்தது. பேசவும் தெரிய வேண்டும், கேட்கவும் தெரிய வேண்டும் அல்லவா.

ஆன்லைன் சோதனையில் ஐ என்று தொடங்கும் நான்கெழுத்து வந்தது. நம்பலாமா?

எம்பிடிஐ என்ற அந்த நான்கெழுத்து முறையை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள். யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் தாய் அதில் மூழ்கிப்போனார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மகள் அதைக் கேள்வித்தாளாக மாற்ற ஆரம்பித்தார். அவர்களுடைய ஈடுபாட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஐ (இன்ட்ரோவர்ட்), அந்தப் பக்கம் இ (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று பிரிப்பதால், கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரும்பான்மையினருக்கு இன்று ஒரு எழுத்தும் சில வாரம் கழித்து இன்னொரு எழுத்தும் வர வாய்ப்பு அதிகம். உங்களைப் பற்றி யோசிக்க ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையையோ துணையையோ அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்ட்ரோவர்ட் எக்ஸ்ட்ரோவர்ட்டாக மாற முடியுமா?

இரட்டையர் ஆய்வுகளின்படி ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபு சார்ந்தது. மீதிக்கு வளர்ப்பு, அனுபவம், வயது என்று பல காரணங்கள். தலைகீழ் மாற்றம் அரிது, மெல்ல நகர்வது சாதாரணம்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, பண்பு மாறுமா என்பது வேறு, நடத்தை மாறுமா என்பது வேறு. வில்லியம் ஃப்ளீசன் என்ற உளவியலாளர் ஆட்களிடம் ஒரே நாளில் பல தடவை, இப்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார். ஒரே ஆள் ஒரே வாரத்துக்குள் மிக அமைதியாகவும் மிகக் கலகலப்பாகவும் நடந்துகொள்வது சர்வ சாதாரணம் என்று தெரிந்தது. பண்பு என்பது அந்த ஏற்ற இறக்கங்களின் சராசரிதான். பிரையன் லிட்டில் என்ற உளவியலாளர் இன்னொன்று சொல்கிறார்: மனசுக்குப் பிடித்த ஒரு வேலைக்காக, நேசிக்கும் ஒருவருக்காக, நாம் நம் இயல்புக்கு மாறாக நடக்க முடியும், நடக்கிறோம், ஆனால் அதற்கு அப்புறம் மீண்டு வர ஒரு இடமும் நேரமும் தேவை. வகுப்பு எடுக்கும்போது நான் இதைத்தான் செய்கிறேன். இரண்டு மணி நேரம் குரலை உயர்த்திச் சிரித்துப் பேசுவேன், அது நடிப்பு இல்லை, பாடத்தின் மீதுள்ள ஆசை. முடிந்ததும் அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

என் குழந்தை யாரோடும் பேசுவதில்லை. இன்ட்ரோவர்ட் என்று விட்டுவிடலாமா?

முதலில் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புது ஓசை, புது வாசனை, ஆடும் பொம்மை எல்லாம் காட்டிக் கவனித்தார். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கை கால் உதறி அழுதன. வளர்ந்தபோது புது இடத்தில், புது ஆட்களிடம் தயங்கியவர்கள் இவர்களில் அதிகம் இருந்தார்கள். அதாவது சில குழந்தைகளுக்குத் தயக்கம் பிறப்பிலேயே கொஞ்சம் கூட இருக்கிறது, வளர்ப்பில் தப்பு என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

தனியாக விளையாடும்போது சந்தோஷமாக இருக்கிறதா, ஒன்றிரண்டு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்களா, வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறதா? அப்படியென்றால் விடுங்கள். சேர்ந்து விளையாட ஆசைப்பட்டும் பயத்தால் ஒதுங்குகிறது, வீட்டில் பேசுகிற குழந்தை வெளியே மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று ஒடுங்கிவிட்டது என்றால் அது வேறு விஷயம், மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். இயல்பு திடீரென்று வராது. திடீரென்று வரும் ஒதுக்கம் மனச்சோர்வாக இருக்கலாம்.

வந்தவர்கள் முன்னால் "இவன் இப்படித்தான், பேசமாட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு அது ஒரு உத்தரவு மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆனது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

பேச்சுவழக்கில் இருப்பவை பெரும்பாலும் திட்டு: உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரன், கமுக்கம், ஊமைக்கோட்டான். சங்கோஜி என்பது கூச்சத்துக்குத்தான் பொருந்தும். தனிமை விரும்பி என்பது நடத்தையில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. உள்முகச் சிந்தனையாளர் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள், ஆனால் மூலச்சொல்லில் இல்லாத சிந்தனை அங்கே எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

என் ஓட்டு அகமுகம், புறமுகம் என்பதற்கு, ஆளைச் சொல்ல அகமுகர், புறமுகர். முகம் என்றால் நமக்கு மூஞ்சி மட்டும் இல்லை, திசையும் கூட. கிழக்கு முகமாக உட்கார் என்கிறோமே, அந்த முகம். லத்தீன் சொல்லில் இருக்கும் 'திருப்புதல்' இதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அகத்திணை, புறத்திணை என்ற இலக்கியப் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அகம் என்பது காதல் வாழ்க்கை, அந்தப் பாடல்களில் வரும் தலைவியும் தோழியும் நிறையவே பேசுகிறவர்கள்.

வினையாக வேண்டும் என்றால் உள்வாங்குதல் இருக்கிறது. கடல் உள்வாங்கியது என்கிறோம், சொன்னதை நன்றாக உள்வாங்கினான் என்றும் சொல்கிறோம். பின்வாங்குவதும் கிரகித்துக்கொள்வதும் ஒரே சொல்லில்.

அப்படியானால் 'நான் ஒரு இன்ட்ரோவர்ட்' என்று சொல்லலாமா, கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம், நானும் சொல்கிறேன். ஆனால் இன்னொருவரிடம் உதவியோ புரிதலோ வேண்டும் என்றால், அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் கேட்பவர் மேலே சொன்ன மூன்று பொருளில் எதை எடுத்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியாது. 'நான் இன்ட்ரோவர்ட், வரமாட்டேன்' என்றால், 'எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை' என்று நீங்கள் சொல்வது போல அவருக்குக் கேட்கும். 'வருகிறேன், ஆனால் ஒரு மணி நேரம்தான் இருப்பேன், அப்புறம் கிளம்பிவிடுவேன், நாளைக்கு நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசலாம்' என்று சொல்லிப் பாருங்கள். என் நண்பர்கள் இப்போது அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கு வைத்து, நான் எழுந்ததும் யாரும் ஏன் என்று கேட்காமல் செருப்பை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.